அகத்தியரைக் கண்டுகொள்ளாத பாட்காஸ்ட்

டெலஸ்கோப் வாங்கிய கையோடு நண்பர் போன் செய்தார். வானம் பார்க்க எந்த சாஃப்ட்வேர் போடலாம், எந்த பாட்காஸ்ட் கேட்கலாம், இரண்டும் காசு கேட்கக் கூடாது. நாலு வருஷமாகப் புதுச்சேரி முத்தியால்பேட்டை மொட்டை மாடியில் இதே பிழைப்பாக இருக்கிறேன், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

ஊரையும் நேரத்தையும் சொன்னால் வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லேப்டாப்பில் முழுக்க இலவசம். முதல் தடவை திறந்தபோது நட்சத்திரங்களுக்குக் கீழே ஏதோ ஒரு பிரெஞ்சு கிராமத்து மரங்கள் நின்றன. புதுச்சேரிக்காரனுக்குப் பிரான்ஸ் என்ன புதுசா, எஃப்6 அழுத்தி ஊரை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

எரிச்சல் பாட்காஸ்டில்தான். 'அஸ்ட்ரானமி காஸ்ட்' மாதிரி விஷயம் பேசுகிறவை பரவாயில்லை, கருந்துளைக்கு அட்சரேகை கிடையாது. ஆனால் இந்த மாதம் என்ன தெரியும் என்று சொல்லும் நிகழ்ச்சிகள் இருக்கின்றனவே, பெரும்பாலும் வடக்கே 40 டிகிரியில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறார்கள். துருவ நட்சத்திரம் அவர்களுக்குப் பாதி வானம் ஏறி நிற்கும். எனக்கு 12 டிகிரி, அதாவது கையை நீட்டினால் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, சரியாகப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால். விருச்சிகத்தைத் தொடுவானத்தை ஒட்டித் தேடச் சொல்வார்கள். இங்கே அதன் பிரகாசமான நட்சத்திரம் கேட்டை 50 டிகிரிக்கு மேல் ஏறி நிற்கும், கழுத்துதான் வலிக்கும். அகத்தியரைப் பற்றியோ பேச்சே இல்லை. நாம் அகத்தியர் என்று சொல்வது கேனோபஸ், சிரியஸுக்கு அடுத்துப் பிரகாசமான நட்சத்திரம், பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிக்கு நமக்கு நேர் தெற்கே 25 டிகிரி உயரத்தில் இருக்கிறது, பாஸ்டனில் உதிப்பதே இல்லை. அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் ஊர் வானத்தை அவர்கள் சொல்கிறார்கள். தெரிந்தும் கோபம் வருகிறது.

அந்தக் கோபத்தில் செய்ததுதான் உருப்படியான காரியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் நின்று, போன் திசைகாட்டியை வைத்துக்கொண்டு, தென்னை மரம் எந்தத் திசையில் எத்தனை டிகிரி, டேங்க் எத்தனை, எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவர் எத்தனை என்று ஒரு சுற்று அளந்து, சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் வரிசையாக எழுதி ஸ்டெல்லேரியத்தில் ஏற்றினேன். பிரெஞ்சு மரங்கள் போய் எங்கள் தெரு வந்துவிட்டது. ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம் தென்னைக்கு இந்தப் பக்கம் எத்தனை மணிக்கு வரும் என்று இப்போது முன்கூட்டியே தெரியும். மே மாதம் ஒரு ராத்திரி அந்த நிமிஷத்துக்குக் காத்திருந்து 10x50 பைனாகுலரை வைத்தேன். கடலூர்ப் பக்கத்து வெளிச்சத்துக்கு மேலே, ஊதி அணைத்த திரியின் புகை போல ஒரு மங்கல் திட்டு. அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன், திட்டும் வாங்கினேன்.

அதனால் நண்பரிடம் சொன்னேன்: ஸ்டெல்லேரியம் போடுங்கள், மாதாந்தர பாட்காஸ்ட் பக்கமே போகாதீர்கள். சொல்லிவிட்டு நான் இந்த மாதத்துடையதை டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன். திட்டிக்கொண்டே கேட்பது பழகிவிட்டது, மாடியில் தனியாக நிற்கும்போது ஒரு குரல் வேண்டியிருக்கிறது.

எதிர்வீட்டில் இன்னொரு மாடி எழுப்புகிறார்கள், நேற்று கம்பி கட்டிவிட்டார்கள். அது தெற்குப் பக்கம். கான்கிரீட் போட்டதும் திரும்ப அளக்கணும், 25 டிகிரிக்குக் கீழேயே நின்றால் சரி.