பெக்கோ ட்ரெயில்: ஒரு வருஷம் நடந்து, குப்பை பொறுக்கிய பிறகு

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து ஏழெட்டுப் பேர் ஒரு வருஷமாக, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மலையகத்துப் பெக்கோ ட்ரெயிலுக்குப் போய் வருகிறோம். எல்லாரும் கந்தோர் வேலைக்காரர். முதல் தடவை நடக்க மட்டும்தான் போனோம், இரண்டாம் தடவையில் இருந்து வெறும் உரப்பைகளையும் மடித்துக் கொண்டு போகிறோம்.

தெரியாதவர்களுக்கு: கண்டி ஹந்தானையில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நுவரெலியாவில் முடிகிற 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைவழி இது, 22 கட்டங்கள். புதிதாக வெட்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலையை மலையில் இருந்து இறக்கப் போட்ட தோட்டத்து வழிகளைத்தான் ஒன்றோடு ஒன்று தொடுத்திருக்கிறார்கள். முதல் கட்டம் ஹந்தானையில் இருந்து கலஹா வரை. தொடங்கும் இடத்திலேயே தேயிலை நூதனசாலை, 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம், அவசரப்படாமல் பார்க்கலாம். நின்று நின்று நடந்ததில் எங்களுக்கு ஐந்து மணித்தியாலம் போனது. பாதை சுலபம், காட்சிக்குக் குறைவில்லை, கொழும்பு வெயிலில் வாடினவனுக்கு அந்தக் குளிர் ஒன்றே போதும்.

அடுத்த கட்டம் லூல்கந்துரவுக்குப் போகிறது. இலங்கைத் தேயிலைக்கு முன்னோடி என்று சொல்லப்படும் வெள்ளைக்காரத் துரை ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம் அதுதான். அவர் உட்கார்ந்து மலை பார்த்த கல் ஆசனம் இன்னும் இருக்கிறது, நாங்களும் வரிசையில் நின்று உட்கார்ந்து படம் எடுத்தோம். அந்த 19 ஏக்கரில் மண்வெட்டி பிடித்தவர்களுடைய பெயர் ஒன்றையாவது எங்கேயாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை. தோட்ட வேலைக்கென்று தென்னிந்தியாவில் இருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்து, வழியிலேயே ஆயிரக்கணக்கில் செத்துப்போன சனம். அவர்கள் நடந்த அந்தப் பாதைக்கு யாரும் கட்டம் கட்டமாக வரைபடம் போடவில்லை என்பதையும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சரி, குப்பைக்கு வருவோம். ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்து வளைவில் நூடில்ஸ் பக்கற்று, ஷாம்பூ பக்கற்று, யோகட் கப், சோடாப் போத்தல் எல்லாம் கானுக்குள் அடைத்து, தண்ணீர் பாதை மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பொறுக்கினோம். மூன்று உரப்பை நிறைந்தது. பெருமையோடு நிமிர்ந்தபோது, பீலியில் வாளி வைத்திருந்த ஒரு அக்கா கேட்டார்: "நல்லதுதான் தம்பி, இத இப்ப எங்க கொண்டுபோய் போடுவீங்க?"

பதில் இல்லை. குப்பை லொறி பெரிய ரோட்டோடு திரும்பிவிடுமாம், தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் வராதாம். எரிக்கிறார்கள் அல்லது கானுக்குள் போகிறது. பிறகு தேடி வாசித்தபோதுதான் விஷயம் விளங்கியது: குப்பை அள்ள வேண்டிய உள்ளூராட்சி அமைப்புகளான பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்ய 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்திருக்கிறது, 2018இல்தான் அதைத் திருத்தியிருக்கிறார்கள். அப்படியானால் முப்பது வருஷமாக வரி வாங்கி, வோட்டும் வாங்கி, குப்பையை மட்டும் அங்கேயே விட்டிருக்கிறார்கள்! இதைத் தெரியாமல், "தோட்டத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று கோச்சியில் வரும்போது கதைத்த எங்கள் ஆளே பிறகு வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு மூன்று பையையும் கோச்சியிலேயே கொழும்புக்கு ஏற்றி வந்தோம். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கோட்டை வரை எங்களையே பார்த்தபடி வந்தார். போத்தல்களை மட்டும் பிரித்துப் பழைய போத்தல், பேப்பர் கடையில் போட்டோம், வந்த காசு ஓட்டோவுக்கே காணவில்லை. இப்போது கழுவிய போத்தல்களை லயத்துப் பிள்ளைகள் ஒரு பையில் சேர்த்து வைக்கிறார்கள், நாங்கள் போய் எடுத்து வருகிறோம். கான் வெட்டுவது, சரிந்த படிக்குக் கல் வைப்பது எல்லாம் அந்தத் தோட்டத்து ஆட்கள்தான். நாங்கள் கல் எடுத்துக் கொடுப்போம், அதுவும் அவர்கள் காட்டுகிற கல்லை.

குறை சொல்லாமல் விட முடியாதது ஒன்று: கொழும்பில் ஒரு சுற்றுலாக்காரரிடம் முதல் தடவை வழிகாட்டி கேட்டோம், தலைக்கு இவ்வளவு என்று வாங்கினார், வந்த பையனுக்கோ எங்களைவிட வழி தெரியாது. அடுத்த தடவை தோட்டத்திலேயே ஒருவரைக் கேட்டுக் கூட்டிப் போனோம். எந்தப் பீலித் தண்ணி குடிக்கலாம், எந்த நாய் கடிக்கும் என்பது வரை சொன்னார். காசை அவர் கையில் கொடுங்கள்.

ஐந்துக்கு நாலு புள்ளி. ஒரு புள்ளி கழித்தது பாதைக்காக இல்லை, அந்த லொறிக்காக.

போகிறவர்கள் வரைபடத்தை முதலே தொலைபேசியில் இறக்கி வையுங்கள், மலைக்குள் சிக்னல் போய்விடும். இரத்தம் குடிக்கிற அட்டைக்கு என்று விலை கூடிய மேசு வாங்கிப் போனேன், அதற்கு மேலேயே ஏறிவிட்டது. கொழுந்து எடுக்கிற அக்காமார் சவுக்காரத்தைக் காலில் பூசச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மேசு அலுமாரியிலேயே கிடக்கிறது.