படகு ஷாஃப்டுக்கு வெர்னியரா, மைக்ரோமீட்டரா?

பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகு ஷாஃப்ட் (விசிறியைச் சுழற்றும் தண்டு) கடையும் லேத் பட்டறைக்கு இந்த இரண்டு அளவுக் கருவியுமே வேண்டும். ஆனால் ஒன்றின் வேலையை மற்றதில் வாங்க முடியாது.

வெர்னியர் (அளவுகோலில் நகரும் தாடையுள்ள கருவி) 0.02 மி.மீ. வரை காட்டும். வெளிவிட்டம், உள்விட்டம், ஆழம் எல்லாம் பார்க்கலாம். ரஃப் கட்டிங்குக்கு (முதல் கட்டக் கடைசலுக்கு) தாராளமாகப் போதும். குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அளவுகோல் ஒரு கோட்டில், பொருள் வேறு கோட்டில். தாடை நுனியில் பிடித்து அழுத்தினால் நகரும் தாடை சாய்ந்து, அளவைக் குறைத்துக் காட்டும். பொருளை அளவுகோலை ஒட்டிப் பிடியுங்கள்.

மைக்ரோமீட்டரில் திருகும் பொருளும் ஒரே நேர்கோட்டில். ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ., சுற்றில் 50 கோடு. ஆக ஒரு கோடு 0.01 மி.மீ. பேரிங் உட்காரும் இடத்தை இதில்தான் முடிக்க வேண்டும். நுனியிலுள்ள ராட்செட்டை (அழுத்தம் போதுமானதும் வழுக்கிவிடும் சிறு குமிழ்) மட்டும் திருப்புங்கள். திம்பிளை (கோடு போட்ட சுழலும் உருளை) இறுக்கினால் அளவு ஆளுக்கு ஆள் மாறும். 25–50 மி.மீ. அளக்கும் மைக்ரோமீட்டர் என்றால் முதலில் 25 மி.மீ. செட்டிங் ராடு (சரியாக அந்த நீளமுள்ள கம்பி) வைத்து ஜீரோ பாருங்கள்.

கடைந்த சூட்டில் அளக்கவே கூடாது. 50 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷாஃப்ட் 20 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 0.017 மி.மீ. பெருத்திருக்கும். வெர்னியரில் அது தெரியாமலே போகலாம்.

உப்புக்காற்றில் மைக்ரோமீட்டர்தான் சீக்கிரம் கெடும். துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, அளக்கும் முகங்கள் ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டு வையுங்கள்.