எடைமேடை மென்பொருளை விஎம்மில் ஏற்றினால்: சீரியல் போர்ட்டுக்கு எந்த வழி நல்லது?

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை போகிற சாலையில் எடைமேடைகளுக்குக் குறைவில்லை. எடைச் சீட்டு அடிக்க விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மென்பொருளை நம்பியிருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. அதற்கும் முந்தைய டாஸ் புரோகிராமை விடாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் புதிதாக வருவது விண்டோஸ் 11. பின்பக்கத்தில் ஒன்பது பின் சீரியல் போர்ட், அதாவது எடைக் கருவியின் கேபிள் செருகும் இடம், பெரும்பாலும் இருக்காது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம் ஓடவும் ஓடாது. மென்பொருள் எழுதித் தந்தவரும் கைக்குக் கிடைக்காவிட்டால், பழைய சிஸ்டத்தை அப்படியே விஎம்முக்குள் (விர்ச்சுவல் மெஷின், புதிய கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஏற்றுவதுதான் செலவு குறைந்த வழி.

ஏற்றுவது எளிது. அப்புறம்தான் போன் வரும்: "அண்ணே, இண்டிகேட்டர்ல எடை ஏறுது, கம்ப்யூட்டர்ல சைபர்தான் நிக்கு." லாரி மேடையில் நிற்க, பின்னால் இன்னும் மூன்று வண்டி காத்திருக்கும். அந்த எடையை விஎம்முக்குள் கொண்டுவர மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதால் அவற்றை ஒப்பிட்டே பார்த்துவிடலாம்.

முதலில் இண்டிகேட்டர், அதாவது எடையைக் காட்டும் பெட்டி, என்ன அனுப்புகிறது என்று பார்ப்போம். பெரும்பாலான இண்டிகேட்டர்கள் எடையை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு தொடக்கக் குறி, கூட்டல் கழித்தல் குறி, ஆறேழு இலக்கம், ஒரு முடிவுக் குறி, அவ்வளவுதான். 2400 பாட் (நொடிக்கு 2400 பிட்) வேகத்தில், ஒரு எழுத்துக்குப் பத்து பிட் வீதம், நொடிக்கு 240 எழுத்து போகும். பத்து எழுத்து ஒரு வரி என்றால் நொடிக்கு 24 வரி. இன்றைய கம்ப்யூட்டருக்கு இது வேலையே இல்லை. ஒரு வரி தவறினாலும் அடுத்தது உடனே வந்துவிடும். அதனால் எடைமேடையில் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். போர்ட் தினமும் ஒரே பெயரில், ஒரே இடத்தில், ஆபரேட்டர் கை வைக்காமலே கிடைக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதல் வழி, போர்ட்டை ஹோஸ்ட்டிடமே (விஎம் ஓடும் நிஜக் கம்ப்யூட்டர்) விட்டுவிட்டு, விஎம்முக்கு ஒரு போலி சீரியல் போர்ட்டைக் காட்டுவது. விஎம் ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸின் செட்டிங்ஸில் சீரியல் போர்ட்ஸ் பக்கத்தில் போர்ட் மோடை 'ஹோஸ்ட் டிவைஸ்' என்று வைத்து, ஹோஸ்ட்டில் அந்தப் போர்ட்டுக்கு விண்டோஸ் வைத்த காம் எண்ணைக் கொடுத்தால் போதும். ஹோஸ்ட்டில் அது யுஎஸ்பி கேபிளில் வந்த காம் 7 ஆக இருந்தாலும் கெஸ்ட்டுக்கு (விஎம்முக்குள் ஓடும் பழைய சிஸ்டம்) அது அசல் காம் 1. குறுக்கீட்டு எண் (ஐஆர்கியூ) 4, முகவரி 3எஃப்8, எல்லாம் பழைய மதர்போர்டில் இருந்தபடியே. டாஸ் புரோகிராம் அந்த முகவரியை நேரடியாகத் தொட்டுப் படிக்கும். அதற்கு யுஎஸ்பி என்றால் என்னவென்றே தெரியாது. டாஸ் என்றால் இந்தப் போலி போர்ட் கட்டாயம். கெஸ்ட்டுக்குள் டிரைவர் எதுவும் ஏற்ற வேண்டியதில்லை என்பது எக்ஸ்பிக்கும் பெரிய நிம்மதி.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். விஎம் கிளம்பும்போதே போர்ட்டைத் திறக்கும். அந்த நேரத்தில் கேபிள் செருகப்படாமல் இருந்தாலோ, வேறு மென்பொருள் போர்ட்டைப் பிடித்திருந்தாலோ பிழை காட்டும். நடுவில் கேபிளைப் பிடுங்கிச் செருகினால் இணைப்பு தானாகத் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். விஎம்மை ஒருமுறை மூடித் திறக்க வேண்டிவரும். லினக்ஸ் ஹோஸ்ட் என்றால் சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் பயனரைச் சேர்க்க மறக்கக்கூடாது. இன்னொரு விஎம் மென்பொருளான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனிலும் இதே வசதி உண்டு. அங்கே விர்ச்சுவல் பிரிண்டர் இருந்தால் முதல் சீரியல் இடத்தை அது எடுத்துக்கொள்ளும், நம் போர்ட் காம் 2 ஆகிவிடும். காம் 1 மட்டுமே தெரிந்த மென்பொருளுக்கு இது பெரிய இடி. அந்த பிரிண்டரை நீக்கிவிட்டுச் சேருங்கள்.

இரண்டாவது வழி, யுஎஸ்பி சீரியல் கேபிளையே முழுதாக விஎம்மிடம் கொடுத்துவிடுவது. எந்தக் கருவியை விஎம் எடுக்க வேண்டும் என்று சொல்லும் யுஎஸ்பி ஃபில்டரைப் போட்டுவிட்டால் கேபிளைப் பிடுங்கிச் செருகினாலும் விஎம் தானாகப் பிடித்துக்கொள்ளும். இதில் முதல் வழியை இது வெல்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. இந்தக் கேபிள்களுக்குள் இருக்கும் ப்ரொலிஃபிக் பிஎல்2303 சிப்பின் பழைய வகைகளை அந்த நிறுவனத்தின் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்காது. கேபிள் நன்றாக இருந்தும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி நிற்கும். அதே கேபிளை எக்ஸ்பி விஎம்முக்குக் கொடுத்து, உள்ளே பழைய டிரைவரைப் போட்டால் மறுபடி வேலை செய்யும்.

ஆனால் எடைமேடைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் காம் எண். சிஎச்340 சிப் உள்ள மலிவான கேபிள்களில் பொதுவாகத் தனி சீரியல் எண் இருக்காது. பெருக்கித் துடைக்கும்போது யாராவது கேபிளைக் கழற்றி வேறு யுஎஸ்பி துளையில் செருகினால், காம் 3 என்று இருந்தது காம் 5 ஆகிவிடலாம். காலை ஆறு மணிக்கு முதல் வண்டியை ஏற்றி நிற்கும் ஆபரேட்டருக்கு இதைப் போனில் விளக்குவது பெரும்பாடு. எஃப்டிடிஐ சிப்பில் பொதுவாகத் தனி எண் இருக்கும், காம் எண் நிலைக்கும். பணம் கொஞ்சம் கூடினாலும் அதை வாங்குவதே நல்லது. எக்ஸ்பிக்கு விஎம்மில் யுஎஸ்பி 3 கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதற்கு எக்ஸ்பியில் டிரைவர் கிடையாது. யுஎஸ்பி 1.1 இந்த வேலைக்குத் தாராளம். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் யுஎஸ்பி 2, 3 ஆதரவு அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிடுகிறது. இதற்காக எக்ஸ்டென்ஷன் பேக் போட வேண்டாம். கடையில் பயன்படுத்த அதன் உரிமமும் வேறு.

இந்த வழி உண்மையில் சேர வேண்டியது வேறு ஆட்களுக்கு. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை வேலைக்குப் போகிறவர் பழைய கன்ட்ரோலரை லேப்டாப்பில் படிக்க வேண்டும் என்றால், உற்பத்தியாளரின் மென்பொருளும் டிரைவரும் கெஸ்ட்டுக்குள் ஒன்றாக இருப்பதே சரி. தொழிற்கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் ஆர்டியு போன்ற நெறிமுறைகள் எழுத்துகளுக்கு இடையே உள்ள மௌனத்தையும் கணக்கில் எடுக்கும். 9600 பாட்டில் மூன்றரை எழுத்து நேரம் என்பது சுமார் நான்கு மில்லிநொடிதான். எஃப்டிடிஐ டிரைவரின் லேட்டன்சி டைமரோ (வந்த எழுத்துகளைச் சேர்த்து அனுப்பக் காத்திருக்கும் நேரம்) இயல்பாகவே 16 மில்லிநொடி. டிரைவர் கெஸ்ட்டுக்குள் இருந்தால் அதை அங்கேயே குறைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி நெட்வொர்க். சீரியல் டிவைஸ் சர்வர் என்ற சின்னப் பெட்டியை இண்டிகேட்டர் பக்கத்தில் வைத்து, எடையை டிசிபி என்ற நெட்வொர்க் இணைப்பு வழியாகக் கொண்டுவருவது. மைக்ரோசாஃப்ட்டின் விஎம் மென்பொருளான ஹைப்பர்-வி வைத்திருப்பவர்களுக்கு இதைத் தவிர நல்ல வழி இல்லை. அங்கே விஎம்மின் காம் போர்ட் நேம்ட் பைப்போடு (மென்பொருள்களுக்கு இடையே தரவு போகும் வழி) மட்டுமே சேரும், ஹோஸ்ட்டின் நிஜ போர்ட்டோடு சேராது.

நம் மாவட்டத்துக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. சித்திரை இடியும் ஐப்பசி இடியும் தப்பாமல் வரும். மேடையிலிருந்து அலுவலகம் வரை நீளமாக இழுத்த செம்புக் கம்பி அந்த அதிர்ச்சியை நேராகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும். இந்தச் சீரியல் இணைப்பின் தரமான ஆர்எஸ்-232க்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 15 மீட்டர். அதற்கு மேல் போகிற இடங்களில் பெட்டியை வைஃபையிலோ ஃபைபரிலோ இணைத்தால் அந்தக் கம்பியே இல்லாமல் போகும். இண்டிகேட்டர் போனாலும் கம்ப்யூட்டரும் சீட்டுக் கணக்கும் தப்பும்.

இங்கேதான் விர்ச்சுவல்பாக்ஸ் ஹைப்பர்-வியை முந்துகிறது. அதன் சீரியல் போர்ட்டை டிசிபி மோடில் வைத்து, பெட்டியின் ஐபி முகவரியைக் கொடுக்கலாம். கெஸ்ட்டுக்கு அப்போதும் அது வெறும் காம் 1. டாஸும் படிக்கும். நெட்வொர்க் இணைப்பை ஹோஸ்ட் பார்த்துக்கொள்வதால் எக்ஸ்பிக்கு நெட்வொர்க் கார்டே கொடுக்க வேண்டாம். 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன சிஸ்டத்துக்கு இதைவிட நல்ல பூட்டு எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெறும் டிசிபியில் பாட் வேகம் கூடவே போகாது. 2400 என்றால் அதைப் பெட்டியின் பக்கத்தில் நாமே வைக்க வேண்டும்.

என் தேர்வு இதுதான். இண்டிகேட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே மேஜையில் இருந்தால் ஹோஸ்ட் டிவைஸ். தூரம் இருந்தால் டிசிபி. டிரைவரையே நம்பியிருக்கும் கருவிக்கு மட்டும் யுஎஸ்பி.

எதை எடுத்தாலும் லாரியை ஏற்றும் முன் கேபிளைச் சோதித்துவிடுங்கள். ஒன்பது பின் முனையில் 2, 3 இரண்டையும் ஒரு கம்பியால் சேர்த்து, விஎம்மை மூடிவைத்துவிட்டு ஹோஸ்ட்டில் புட்டி என்ற டெர்மினல் மென்பொருளைத் திறந்து தட்டினால், தட்டிய எழுத்து திரையில் திரும்பி வர வேண்டும். பிறகு விஎம்மைக் கிளப்பி எக்ஸ்பியின் ஹைப்பர்டெர்மினலில் அதையே செய்யுங்கள். முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால் கோளாறு விஎம் செட்டிங்ஸில். இரண்டும் வந்தும் எடை வராவிட்டால் பாட் வேகம், பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இரண்டையும் இண்டிகேட்டரோடு ஒத்துப் பாருங்கள். அவையும் சரி என்றால் கேபிளின் 2, 3 கம்பிகளை மாற்றிப் பற்றவையுங்கள்.