மாடா, ஆடா, கோழியா: பொத்தோங் பாசிர் கணக்கு

என் சித்தப்பா மகன் சிங்கப்பூரில், ஹவ்காங்கில் இருக்கிறான். முப்பது வருஷத்துக்கு மேல் பேருந்து ஓட்டியவன், இந்த ஆண்டோடு வேலையை விடுகிறான். பாலத்தைத் தாண்டினால் மலேசியா, அங்கே ஜொகூரில் கூலாய்க்குப் பக்கத்தில் அவன் மச்சானுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பாதியில் செம்பனை, மீதி சும்மா கிடக்கிறது. போன மாதம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில், ஆற்றிய தேநீரான தே தாரிக் ஆறிப்போகும்வரை இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, ரெண்டு மாடு வாங்கிப் போடலாம்னு இருக்கேன். மச்சான் ஆடுதான் லாபம்ங்கிறாரு. வீட்ல, கோழியோட நிறுத்துங்கன்னு சொல்றா. நீங்க என்ன சொல்றீங்க?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் வளர்ந்த பொத்தோங் பாசிர் கம்பத்து (கிராமத்து) வளவுக்குள் மூன்றுமே இருந்தன. பெரிய மாமாவுக்கு ஆறு கறவை மாடு. அம்மாவுக்கு நாலு வெள்ளாடு. பாட்டிக்குக் கோழி, எத்தனை என்று பாட்டிக்கே கணக்குக் கிடையாது. பிறகு வீடமைப்புக்கு நிலம் போனது, அதோடு அவையும் போயின. இப்போது எனக்கு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டின் நாலாவது மாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டிதான். ஆகவே சாணி அள்ளிய பையனின் ஞாபகத்தையும், அப்புறம் கேட்டும் பார்த்தும் சேர்த்த விவரத்தையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

மாட்டிலிருந்து தொடங்குகிறேன், அவன் மனசு அங்கேதான் இருக்கிறது. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் வைத்திருந்தவர்கள் நாம். இந்த ஊரும் மாட்டை மறக்கவில்லை. கேகே மருத்துவமனையின் பெயரில் சுருங்கி நிற்கும் 'கண்டாங் கெர்பாவ்' மலாயில் எருமைக் கொட்டில். தேக்காவைச் சுற்றி கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என்று பெயர்ப்பலகை மட்டும் மேய்ந்துகொண்டிருக்கிறது. பொங்கல் சமயத்தில் பண்ணைகள் உள்ள லிம் சூ காங்கிலிருந்து மாடுகளை லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். வரிசையில் நின்று அதன் கழுத்தைத் தடவிவிட்டு வந்த அன்றைக்குத்தான் இவனுக்கு இந்த ஆசை பிடித்திருக்க வேண்டும்.

தடவுவது வேறு, வைத்திருப்பது வேறு. மாமா விடியற்காலை மூன்றரைக்கு எழுந்திருப்பார். கன்றை அவிழ்த்துவிட்டு நாலு வாய் ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் கன்றைப் பிடித்துக் கட்டி, மடியைக் கழுவி, விளக்கெண்ணெய் தொட்டுக் கறக்க உட்காருவார். சுரப்பு இறங்கினால் ஏழெட்டு நிமிஷம்தான் நிற்கும், அதற்குள் கறந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் புது ஆள் பக்கத்தில் வந்தாலோ, நாய் குரைத்தாலோ மாடு பாலை அடக்கிக்கொள்ளும். நாங்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது. மாமாவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் அப்பா கறக்கப் போனார். அப்பாவுக்குக் கறக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது, ஊரில் கறந்தவர்தான். ஆனாலும் வழக்கமாக ஒரு வாளி தரும் மாடு ஒரு செம்புதான் தந்தது. மிச்சம் மடியிலேயே கட்டி, மறுநாள் காம்பு சூடேறி, மடிநோய் வரை போய்விட்டது. மாடு உன்னைத்தான் எதிர்பார்க்கும். உன் தம்பியை எதிர்பார்க்காது.

கறந்து முடித்தால் வேலை ஆரம்பம். ஒரு கலப்பினப் பசுவுக்கு நாளைக்கு 20 முதல் 25 கிலோ பசும்புல் வேண்டும், 40 முதல் 60 லிட்டர் தண்ணீர் வேண்டும். பதிலுக்கு அது 15 கிலோ சாணம் போடும். மாமா சாலையோரப் புல்லை அறுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். போதாததற்குத் தவ்வு என்கிற சோயாக் கட்டி செய்கிற சீனர் வீட்டில் மீந்த சோயாச் சக்கையை வாளியில் வாங்கி வருவார். மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி கறவை. இதில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது. என் பெரியக்கா கல்யாணத்தில் தாலி கட்டிய கையோடு மாமாவைக் காணோம். தேடவேண்டிய அவசியமே வரவில்லை, எல்லோருக்கும் தெரியும் எங்கே என்று.

மாடு வாங்க நினைக்கிறவர்கள் பாலை மட்டும் பார்க்கிறார்கள், சினையைப் பார்ப்பதில்லை. கன்று போட்டால்தான் பால். 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அறிகுறி நிற்பது 12லிருந்து 18 மணி நேரம். பெரும்பாலும் ராத்திரியில் கத்தும். நீ உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி வரிசையில் நிற்கும்போது அது கத்தினால் இன்னொரு 21 நாள் போச்சு. சினை 280 நாள், கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் பால் வற்றவிட வேண்டும். பிறந்தது காளைக்கன்றாக இருந்தால் என்ன செய்வாய் என்று அவனைக் கேட்டேன். தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே இருந்தான். பெரிய மடியைப் பார்த்து மயங்கி கறுப்பு வெள்ளைச் சீமைப் பசுவை வாங்கினால் நம் வெக்கையும் ஈரக்காற்றும் அதற்கு ஆகாது, பகலெல்லாம் நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கும், தீனி எடுக்காது. வாங்கினால் ஜெர்சிக் கலப்பு, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாவிட்டால் மாமா மேலே இருந்து திட்டுவார். கன்று போட்ட முதல் மூன்று நாள் சீம்பாலில் பாட்டி செய்கிற கட்டிப்பால் இருக்கிறதே, கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு அவித்தது, அதைத் தின்ற பிறகு இந்தக் கணக்கெல்லாம் ஒரு பக்கம் போய்விடும்.

ஆடு இதற்கு நேர் எதிர். சின்ன உடம்பு, சின்னத் தீனி, சினை ஐந்தே மாதம், பெரும்பாலும் இரட்டைக் குட்டி. காம்பு இரண்டுதான், பத்து வயசுப் பிள்ளைகூடக் கறக்கும், நான் கறந்திருக்கிறேன். புல்லைவிடத் தழைதான் அதற்கு உயிர்: அகத்தி, பலா, மல்பெரி. ஆடு தொடாத இலை ஆடாதோடை ஒன்றுதான், அதற்குப் பெயரே அப்படித்தான். மற்ற எல்லாவற்றையும் தொடும். அடுத்த வீட்டு நோன்யா அம்மாளின் செம்பருத்திச் செடிக்காக அம்மா மன்னிப்புக் கேட்காத மாதம் கிடையாது. அப்பா வாங்கி வைத்த நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு ஒன்றையும் ஒரு கிடாய்க்குட்டி தின்றது. அந்த நம்பர் விழுந்ததா என்று பார்க்கக் கூடாது என்று அப்பா கட்டளை போட்டார்.

நம் பக்கத்து ஆட்டுக்கு எதிரி மழை. இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, கூலாய்க்கும் குறைச்சல் இல்லை. ஈரப் புல்லின் நுனிக்குக் குடற்புழுவின் குஞ்சுகள் ஏறி உட்கார்ந்திருக்கும். பனி காயுமுன் மேய்த்தால் அத்தனையும் வயிற்றுக்குள் போகும். அம்மா ஒன்பது மணிக்கு முன் ஆட்டை அவிழ்க்க மாட்டாள். தினம் காலையில் ஒவ்வொன்றின் கீழிமையையும் பெருவிரலால் இழுத்துப் பார்ப்பாள். உள்ளே சிவப்பாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் புழு ரத்தத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். கொட்டில் தரையில் இருக்கக் கூடாது. மூன்று நாலடி உயரத்தில் பலகை இடைவெளி விட்டுப் பரண் அடித்தால் புழுக்கையும் மூத்திரமும் கீழே இறங்கிவிடும், குளம்பு அழுகாது. மாட்டுக்கு ஒரு கூரை போதும். ஆட்டுக்குத் தச்சன் வேண்டும். மச்சான் லாபம் என்று சொன்னபோது இந்தத் தச்சன் கூலியைச் சேர்த்தாரா என்பது என் சந்தேகம்.

லிம் சூ காங்கில் ஹே டெய்ரீஸ் என்ற ஆட்டுப் பண்ணைக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். பன்றி வளர்த்த சீனக் குடும்பம், பன்றி வளர்ப்பை அரசாங்கம் நிறுத்தச் சொன்ன காலத்தில், 1988இல் ஆட்டுக்கு மாறியிருக்கிறது. காலையில் கறவையைப் பார்க்க விடுகிறார்கள். ஆடுகள் வரிசையாக மேடையேறி, தலையை நீட்டித் தீனி தின்ன, இயந்திரம் கறக்கிறது. எந்த ஆடும் தள்ளுமுள்ளு செய்யவில்லை. ரயிலேறுகிற நம் ஆட்களைவிட ஒழுங்கு. அங்கே குடித்த பாலில் வாடையே இல்லை. கிடாயைக் கறவை ஆட்டுப் பக்கம் விடாமல் இருந்தால், கறந்ததும் குளிரவைத்தால், ஆட்டுப்பால் நாறாது. அம்மா கிடாயை அங்கேயே கட்டியிருந்தாள், அதனால்தான் எங்கள் வீட்டுப் பாலை நாங்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தோம். நாற்பது வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு ஆட்டை மட்டும் வாங்காதே என்றும் சொன்னேன். தனி ஆடு நாளெல்லாம் கத்தும். குறைந்தது இரண்டு.

கோழியை அவன் பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பெண்டாட்டி சொன்னது என்பதால் இருக்கலாம். நாட்டுக்கோழி பன்னிரண்டு பதினைந்து முட்டை இட்டு அடைக்குப் படுத்துவிடும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சோடு அலைச்சல். வருஷத்துக்கு 60, 80 முட்டை பார்த்தால் அதிர்ஷ்டம். பண்ணைக் கலப்பினக் கோழி 300ஐத் தொடும், ஆனால் அதற்கு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் கலப்புத் தீவனம் அளந்து போட வேண்டும், வெளிச்சமும் 14 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நமக்கு வருஷம் முழுக்கப் பகல் 12 மணி நேரம்தான், ஆகவே பண்ணைகள் விளக்குப் போடுகின்றன. வீட்டுக்கு ஆறு கோழி வைப்பவனுக்கு இந்த வம்பு வேண்டாம், கிடைத்தது போதும்.

மூன்றில் சட்டப்படி சிங்கப்பூரிலேயே வைத்துக்கொள்ளக் கூடியதும் இதுதான். தரைவீடு இருந்தால் வலையடித்த கூண்டில் பத்துக் கோழி வரை வளர்க்கலாம், விற்கக் கூடாது. என் போன்ற அடுக்குமாடிக்காரனுக்கு அதுவும் இல்லை. சேவலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2017இல் சின் மிங் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த 24 கோழிகளைச் சத்தம் தாங்கவில்லை என்ற புகாருக்குப் பிறகு அதிகாரிகள் கொன்றுவிட்டார்கள், ஊரே இரண்டு பட்டது. எங்கள் கம்பத்தில் சேவல் கூவாத வீட்டுக்குத்தான் என்ன ஆச்சோ என்று பார்க்கப் போவார்கள்.

கோழிக்கு ராத்திரிதான் கண்டம். மலைப்பாம்பு, உடும்பு, மரநாய், எலி. பகலில் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும், இருட்டினால் கண் தெரியாது, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி சாகும்.

இதை நான் எதிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1978 டிசம்பர் 2, சனிக்கிழமை. அன்றைக்கு ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் கொட்டியதாகப் பதிவு இருக்கிறது. பொத்தோங் பாசிர் பள்ளமான இடம், காலாங் ஆறு பக்கத்தில். தண்ணீர் திண்ணைக்கு வந்தபோது மாமா கத்தியோடு இறங்கி ஆறு மாட்டின் கயிற்றையும் அறுத்துவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. மாடு நீந்தும். மறுநாள் மேட்டுச் சாலையோரத்தில் ஆறும் நின்றன, பத்து நாள் கன்று ஒன்றுதான் இல்லை. ஆடுகளை அம்மாவும் நானும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாப்பாட்டு மேசை மேல் ஏற்றினோம். நாலும் விடியும்வரை எங்கள் காதுக்குள் கத்தின, தண்ணீரில் குதிக்க ஒன்றுக்கும் மனசில்லை. கோழிக் கூண்டை யாரும் நினைக்கவில்லை. காலையில் பாட்டி திறந்தபோது அத்தனையும் கம்பில் உட்கார்ந்த வரிசை கலையாமல் கீழே கிடந்தன. ரம்புத்தான் மரத்தில் ஏறிப் படுக்கிற, கூண்டுக்கே வராத, பாட்டி தினம் திட்டுகிற மூன்று கோழிகள் மட்டும் மிச்சம்.

அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "கூலாய்ல வாரத்துக்கு எத்தனை நாள் இருப்பே?"

"மொதல்ல சனி ஞாயிறு. அப்புறம் பாத்துக்கலாம்."

"மச்சான்?"

"அவருக்கு செனாய்ல வேலை. சாயங்காலம் வருவாரு."

அப்படியானால் மாடு கிடையாது. காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் ஒரே கை வேண்டும், அந்தக் கை பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. ஆட்டுக்கு, கறக்காமல் குட்டிக்கே பாலை விட்டுவிட்டால், மச்சானின் சாயங்காலம் போதும். காலையில் தழை கட்டித் தொங்கவிட்டுப் போகலாம். கோழிக்கு, கூண்டு சரியாக இருந்தால், தீவனக் குழாயும் தண்ணீர்க் குழாயும் இரண்டு நாள் தாங்கும்.

காசைப் பற்றிச் சுருக்கமாகவே சொன்னேன். தீவனத்தைக் கடையில் வாங்கினால் மூன்றிலும் கை நட்டம்தான். சும்மா கிடக்கும் பாதி நிலத்தில் நேப்பியர் புல்லும் அகத்தியும் இந்த மழைக்கே நட்டுவிட்டு, அவை இடுப்பளவு வந்த பிறகு ஆட்டைப் பற்றிப் பேசலாம். மாட்டை அவன் அங்கேயே குடிபோகும் வருஷத்துக்குத் தள்ளினேன். முகம் சுருங்கியது. "பொங்கலுக்கு வீட்டு மாடு இருக்கணும்ணே," என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு.

வீட்டுக்காரி சொன்னதே நடந்தது. எட்டுக் கோழி வாங்கியிருக்கிறான். இரண்டாம் வாரமே ஒன்றைக் காணோம், கூண்டுக்குள் பாம்புச் சட்டை. வலை முக்கால் அங்குலம் போதுமா, அரை அங்குலம் வேண்டுமா என்று நேற்று ராத்திரி செய்தி அனுப்பினான். அரை அங்குலம், கம்பி வலை, தரைக்குள்ளும் ஒரு அடி இறக்கச் சொன்னேன்.