ஜான் ஸ்னோ எப்படித் திரும்புவான்? நெருப்பு, ஓநாய், பனி: மூன்று ஊகங்களின் ஒப்பீடு

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையின் ஐந்தாம் பாகமான 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' 2011 ஜூலையில் வெளிவந்தது. அதன் இறுதிப் பகுதியில், காஸில் பிளாக் கோட்டையில், வடக்கே பனிச்சுவரைக் காக்கும் காவல்படையின் தலைவன் ஜான் ஸ்னோவை அவனுடைய படைத் தோழர்களே குத்திச் சாய்க்கிறார்கள். முதல் வீச்சு கழுத்தை உரசிக்கொண்டு போகிறது. கண்ணீர் வழிய நிற்கும் போவன் மார்ஷின் கத்தி வயிற்றில் இறங்குகிறது. மூன்றாவது முதுகில் பாய்கிறது. நான்காவது கத்தியை அவன் உணரவே இல்லை, குளிரை மட்டுமே உணர்ந்தான் என்று எழுதிவிட்டு மார்ட்டின் அந்த அத்தியாயத்தை முடித்துக்கொண்டார். அடுத்த பாகம் இன்னும் வரவில்லை. ஆகவே ஜான் எந்த வழியாகச் சாவை வெல்வான் என்ற விவாதம் ரசிகர்களிடையே இன்றளவும் ஓயவில்லை.

அவன் சாகவே இல்லை, காயத்தோடு பிழைத்துக்கொள்வான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மருத்துவம் அறிந்த முதியவர் ஏமனையும், அவருடைய உதவியாளன் சாமையும் கோட்டையை விட்டு அனுப்பியவன் ஜானேதான். அப்படி ஒரு படுகாயத்துக்கு முறையாக வைத்தியம் பார்க்க அங்கே ஆளில்லை. அவன் இறந்துவிட்டான் என்று வைத்துக்கொண்டு பேசுவதே நியாயம்.

ஊகங்களை எடைபோட இக்கதையே ஓர் அளவுகோலைத் தருகிறது. உயிருக்கு ஈடாகச் சாவைத்தான் கொடுக்க முடியும் என்று முதல் நாவலில் மிர்ரி மாஸ் தூர் என்ற மந்திரக்காரி, சாகக் கிடக்கும் கணவனைக் காப்பாற்றக் கேட்கும் இளவரசி டனேரிஸிடம் சொல்கிறாள். அதற்கேற்ப டனேரிஸ் வயிற்றிலிருந்த குழந்தையை இழக்கிறாள், கணவன் ட்ரோகோவோ மூச்சு மட்டும் ஓடும் வெறும் உடலாகத் திரும்புகிறான். எனவே ஜானை எந்த வழி எழுப்பும் என்பதோடு, அந்த வழி அவனிடமிருந்து எதைப் பறித்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பெரும்பாலோர் நம்புவது நெருப்பை. செந்நிறப் பெண் மெலிசாண்ட்ரே அதே கோட்டையில் இருக்கிறாள், அவள் வணங்கும் நெருப்புக் கடவுள் ர'லோரின் வேறொரு பூசாரியான தோரோஸ் ஏற்கெனவே பெரிக் டொண்டாரியன் என்ற பிரபுவைச் சாவிலிருந்து ஆறு முறை எழுப்பியிருக்கிறார். முன்னுதாரணம் என்ற வகையில் இதைவிட வலுவான சான்று வேறில்லை. ஆனால் அந்த முன்னுதாரணத்தை நெருங்கிப் பார்த்தால் மனம் கலங்குகிறது. பெரிக்கின் ஒரு கண் போய்விட்டது, கழுத்தில் தூக்குக் கயிற்றின் கருவளையம் அப்படியே இருக்கிறது. தனக்கு ஒரு கோட்டை இருந்ததும், ஒரு பெண்ணை மணப்பதாக இருந்ததும் அவருக்கு நினைவிருக்கின்றன, ஆனால் அந்தக் கோட்டைக்கு வழியோ அப்பெண்ணின் கூந்தல் நிறமோ நினைவில் இல்லை. அவர் தன் உயிரையே கொடுத்து எழுப்பிய, ஜான் வளர்ந்த குடும்பத்தின் தலைவியான கேட்லினின் நிலை இன்னும் கொடுமையானது, ஒரு தாயின் அன்பெல்லாம் வடிந்து, பழிவாங்கும் வெறி மட்டுமே எஞ்சிய உருவமாக அவள் அலைகிறாள். பெரிக்கின் இதயம் துடிப்பதில்லை, குருதி ஓடுவதில்லை, அவர் நெருப்பால் இயங்கும் நடைபிணம் என்று மார்ட்டினே 2017-ல் ஒரு நேர்காணலில் விளக்கினார். நெருப்பு மட்டுமே ஜானை எழுப்புமானால், எழுபவனை ஜான் என்று அழைக்க முடியுமா என்ற ஐயம் எனக்கு உண்டு.

இரண்டாவது ஊகம் ஓநாயைப் பற்றியது. ஜான் தன் வெள்ளை ஓநாயான கோஸ்ட்டின் உடலுக்குள் புகக்கூடியவன். கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குத்துப்பட்டபோது அவன் வாயிலிருந்து வந்த கடைசிச் சொல்லும் 'கோஸ்ட்' என்பதுதான். இந்த ஊகத்தின் உண்மையான பலம் அதே நாவலின் முன்னுரையில் இருக்கிறது. வாரமிர் என்ற கூடுபாயும் மனிதன் பனியில் செத்து, ஓநாயின் உடலில் 'இரண்டாம் வாழ்வு' தொடங்குவதை மார்ட்டின் அங்கே ஓர் அத்தியாயம் முழுக்க விவரிக்கிறார். கதைப்போக்கில் வேறெங்கும் பெரிதாகத் தேவைப்படாத ஒருவனுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியது, கடைசியில் ஜானுக்கு நேரப்போவதை வாசகர் புரிந்துகொள்ளத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதற்கும் விலை உண்டு. விலங்கின் உடலில் தங்கியவனின் மனிதத்தன்மை நாளுக்கு நாள் தேய்ந்து, முடிவில் விலங்கு மட்டுமே மிஞ்சும் என்று வாரமிரின் ஆசான் எச்சரித்திருக்கிறார். மேலும் ஓநாய் ஜானின் நினைவைக் காக்கலாமே ஒழிய, அவனுடைய உடலை எழுப்பித் தராது. பாய்ந்த உயிர் திரும்பி வரும்வரை விட்ட கூடு பத்திரமாக இருக்க வேண்டும். மூலன் என்ற இடையனின் உடலில் புகுந்த திருமூலர், தம் பழைய உடலைக் காணாமல் அவ்வுடலிலேயே தங்கிவிட்ட கதை நாம் அறிந்ததே.

மூன்றாவது ஊகமான பனி வழியை நம்புபவர்கள் கோல்டுஹேண்ட்ஸைச் சுட்டுகிறார்கள். கருத்துப்போன கைகளோடு, செத்த பின்னும் தெளிந்த புத்தியுடன் சாமுக்கும், ஜானின் தம்பியாக வளர்ந்த பிரானுக்கும் உதவும் அந்த மர்ம மனிதன் உண்மையில் ஈர்ப்பான பாத்திரம். ஆனால் அவனை எழுப்பியது யார் என்பதற்கே நாவலில் விடை இல்லாதபோது, அவனை வைத்து ஜானுக்கு வழி சொல்வது கடினம். டனேரிஸ் பிறந்த டார்கேரியன் அரசகுலத்தின் இரத்தம் இருப்பதால் சிதையிலிருந்து எரியாமல் எழுவான் என்ற ஊகத்தையும் எளிதில் ஒதுக்கிவிடலாம்: முதல் நாவலிலேயே நடைபிணத்தோடு போராடும்போது ஜானின் கை வெந்துபோயிற்று, டார்கேரியன்கள் எல்லோரும் நெருப்புக்கு அடங்காதவர்கள் அல்ல என்று மார்ட்டினும் தெளிவுபடுத்திவிட்டார்.

நெருப்பும் ஓநாயும் போட்டி ஊகங்களாகவே பேசப்படுவதுதான் என் பார்வையில் பிழை. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பெரிக்கின் நினைவைக் காக்க ஓர் ஓநாய் இருக்கவில்லை, வாரமிருக்கோ திரும்பிச் செல்ல ஓர் உடல் எஞ்சவில்லை. ஜானுக்கு இரண்டும் கிடைக்கலாம். மெலிசாண்ட்ரே தன் தீயில் காணும் காட்சியில் அவன் மனிதனாகவும், பின் ஓநாயாகவும், மீண்டும் மனிதனாகவும் மாறித் தோன்றுகிறான். அந்த வரிசையைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. இவ்வழியில் ஜான் நினைவோடு திரும்புவான், ஆனால் ஓநாயின் மூர்க்கமும் கூடவே வரும். தன்னைக் குத்தியவர்களை அவன் நடத்தும் விதத்திலேயே அந்த மாற்றம் தெரியும் என எதிர்பார்க்கிறேன்.

இந்நாவல்களை ஒட்டி வந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் இந்த இடத்தில்தான் என்னை ஏமாற்றியது. 2015 ஜூனில் இறந்த ஜானை 2016 மே 1-ஆம் தேதி ஒளிபரப்பான பகுதியில் மெலிசாண்ட்ரே எழுப்பினாள். மறுபக்கத்தில் எதுவுமே இல்லை என்று அவன் சொன்ன ஒரு கணம் மிக நன்றாக இருந்தது. சாகும்வரைதான் காவல் என்ற உறுதிமொழி தன் சாவோடு முடிந்தது என்று அவன் படையை விட்டு விலகியதும் நியாயமான வாதமே. ஆனால் அதற்குப் பிறகு அவன் ஏறக்குறைய பழைய ஜானாகவே நடமாடினான். கோஸ்ட் அந்த அறையில் படுத்திருந்ததே தவிர, அவன் திரும்பியதில் அதற்குப் பங்கு எதுவும் தரப்படவில்லை. விலை கொடுக்காமல் கிடைத்த உயிர் அது.

நாவலில் வழி இதைவிடக் குறுகலானது. மெலிசாண்ட்ரே இறந்தவர் எவரையும் எழுப்பியதாக அங்கே காட்டப்படவில்லை. தோரோஸ்கூட வழக்கமான ஈமச்சடங்கைச் செய்யப்போய்த்தான் பெரிக் எழுந்ததைக் கண்டு திகைத்தார். கோஸ்ட்டை அன்று ஜான் தன் அறையிலேயே அடைத்துவிட்டு வந்திருந்தான். பிணங்கள் நடைபிணமாகிவிடும் என்ற அச்சத்தால் அங்கே இறந்தவர்களை எரித்துவிடுவது வழக்கம், எனவே மார்ஷின் ஆட்கள் முந்திக்கொண்டால் உடலே மிஞ்சாது. அதே நாவலில் ஜான், சடலங்கள் எழுகின்றனவா என்று பார்ப்பதற்காக அவற்றைப் பனிச்சுவரின் உறைகுளிர் அறைகளில் வைக்கச் சொன்னதை மார்ட்டின் காரணமின்றி எழுதியிருக்க மாட்டார். அடுத்த பாகத்தில் நான் முதலில் தேடப்போவது மெலிசாண்ட்ரேயின் மந்திரத்தை அல்ல, ஜானின் உடல் யார் கையில் சிக்கியது, அதை எந்த அறையில் வைத்தார்கள் என்பதைத்தான்.