நகம் வெட்டப்பட்ட பிராணி: சேலத்தில் ஒரு பிரேம் கடை

சேலம் கடைவீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் பிரேம் கடையில் போன மாதம் ஒரு படத்துக்குச் சட்டம் போட்டேன். கடை பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏன் என்று படித்தால் தெரியும். வேலை சுத்தம், ஆனால் படத்தைக் கொடுக்கும்போதே ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும்.

படம், 1812 மார்ச் 26 அன்று பாஸ்டன் கெசட் பத்திரிகையில் வந்த கேலிச்சித்திரம். பார்த்தால் இறக்கையும் நகமும் வைத்த பிராணி, உண்மையில் அது ஒரு தொகுதியின் வரைபடம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மேலவைத் தேர்தலுக்காக எசெக்ஸ் கவுண்டியை ஆளுங்கட்சிக்குத் தோதாக அறுத்ததில் அப்படியொரு உருவம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தில் (இது வேறு சட்டம்!) கையெழுத்துப் போட்ட ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி, அவர் பெயரையும் பல்லி மாதிரி இருக்கும் சாலமாண்டர் என்ற பிராணியின் பெயரையும் ஒட்டித்தான், தொகுதி எல்லையைத் தன் கட்சிக்குத் தோதாக அறுப்பதற்கு ‘ஜெரிமாண்டர்’ என்ற வார்த்தையே பிறந்தது. எனக்கு இதில் என்ன ஆசை என்றால், அந்தப் பிராணியின் உடம்பில் இருக்கும் ஊர்களில் ஒன்றின் பெயர் சேலம். அது அவர்கள் சேலம்தான், இருந்தாலும் விட மனசு வரவில்லை.

கடைக்காரர் சாமி படமும் மாலை போடுகிற படமுமாகப் பழகியவர். பிரித்துப் பார்த்துவிட்டு “என்ன தம்பி, உடும்பா?” என்றார்.

“தொகுதிங்கண்ணா.”

அடுத்த மாதமே நடந்த தேர்தல் கணக்கையும் சொன்னேன். எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகளுக்கு 51,766 ஓட்டு, ஆனால் 11 இடம். கெர்ரி கட்சிக்கு 50,164 ஓட்டு, 29 இடம். பீடிங் அறுத்துக்கொண்டிருந்தவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு “இன்னொரு வாட்டி சொல்லு” என்றார். ஆளுநர் தேர்தலில் மட்டும் கெர்ரி தோற்றுப்போனார், அது மாநிலம் முழுக்க ஒரே எண்ணிக்கை, கோடு போட்டு அறுக்க வழியில்லை என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் தன் தெருவில் எதிர் வரிசை ஒரு வார்டு, தன் வரிசை இன்னொரு வார்டு, சாக்கடைக்கு இரண்டு வார்டு கவுன்சிலரும் வருவதில்லை என்று அரை மணி நேரம். படம் கிடந்தது.

நான்கு நாள் கழித்துப் போனால் பிராணிக்குக் கால் நகம் பாதி காணோம். தயாராக இருந்த மவுண்ட் போர்டுக்கு அளவு பத்தவில்லையாம், கீழே அரை இஞ்ச் வெட்டிவிட்டார். “ஓரம்தானே தம்பி.” இவ்வளவு கதை கேட்ட மனுஷன்! இன்னொரு பிரிண்ட் என் செலவில், மறுபடி சட்டம் போட்டதற்கு அவர் காசு வாங்கவில்லை. சரி, அந்த மட்டில் நியாயம்.

ஏ3 அளவு, தேக்கு நிறப் பீடிங், கண்ணாடி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். மூலைகளில் நகம் நுழைகிற இடைவெளிகூட இல்லை. பின்பக்கம் ஓரம் முழுக்கப் பழுப்பு டேப் ஒட்டித் தருகிறார். ஏற்காட்டில் அக்கா வீட்டில் மாட்டியிருந்த படம் ஈரம் ஏறி அலை அலையாய் நெளிந்துபோனதைப் பார்த்தவன் என்பதால் எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

கொடுக்கும்போது படத்தின் பின்னால் ‘வெட்டக் கூடாது’ என்று பென்சிலில் எழுதிக் கொடுங்கள். ஞாயிறு கடை கிடையாது. வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோகாதீர்கள், திருப்ப முடியாது.