என்பிடெல்: வேலையில் இருப்பவர்களுக்கு எவ்வளவு பயன்?

இன்றைய வேலையைத் தாண்டிப் படிக்க நினைப்பவர்களுக்கு, ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் என்பிடெல்லைத் (NPTEL) தயங்காமல் சொல்லலாம். ஜனவரி, ஜூலை எனப் பருவங்கள். 4, 8, 12 வாரப் படிப்புகள். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1000 ரூபாய் தேர்வுக் கட்டணம்.

பலர் சறுக்குவது பதிவில்தான். படிப்பில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. இரண்டாவதை மறந்தால் அத்தனை வார உழைப்புக்கும் சான்றிதழ் இல்லை. முதல் வாரமே கடைசித் தேதியைக் குறித்து வையுங்கள்.

நூறு மதிப்பெண்ணில் வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளையே எடுப்பார்கள். ஆபீஸ் நெருக்கடியில் நான்கு தவறினாலும் பரவாயில்லை. ஆனால் அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 தனித்தனியாக எடுத்தாக வேண்டும். மொத்தம் 60 எடுத்தால் ‘எலீட்’ சான்றிதழ். 90 எட்டினால் ‘எலீட்’டோடு தங்கத் தகுதியும்.

குறை என்றால், சில வீடியோக்கள் பழையவை, கரும்பலகை வேகத்தில் நகரும். 1.5 மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, கணக்கு வரும் இடத்தில் நிறுத்தி, பேனாவால் போட்டுப் பாருங்கள். புள்ளியியல், அல்காரிதம் போன்ற அடிப்படைப் பாடங்கள் பொன். வேகமாக மாறும் மென்பொருள் கருவிகளுக்கு இது இடமில்லை.